மசாய் மாரா போட்டோ சஃபாரி: சிங்கத்தைப் பக்கத்திலிருந்து எடுக்க எந்த வண்டி?

கென்யாவின் மசாய் மாரா வனக் காப்பகத்துக்குப் போகிறேன் என்று சொல்பவர்கள் முதலில் கேட்பது எந்த லென்ஸ் எடுத்துப் போகலாம் என்றுதான். லென்ஸ் பற்றி அப்புறம் பேசலாம். எந்த வண்டியில் போகிறீர்கள், அதில் உங்களுக்கு எந்த இருக்கை, ஓட்டப்போவது யார், இந்த மூன்றையும் முதலில் முடிவு பண்ணுங்கள். ஏற்கெனவே வைத்திருக்கிற 100-400 மி.மீ. ஜூம் லென்ஸோடு சரியான வண்டியில் ஏறியவருக்குக் கிடைக்கும் சிங்கப் படம், பல லட்ச ரூபாய் 600 மி.மீ. லென்ஸோடு தவறான வண்டியில் ஏறியவருக்குக் கிடைக்காது. இரண்டு வகைச் சேவையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒன்று, நைரோபியிலிருந்து கூட்டிப் போகும் பகிர்வு மினிவேன் சுற்றுலா. இன்னொன்று, தேசிய வனக் காப்பகத்துக்கு வடக்கே மசாய் மக்களின் நிலத்தில் இருக்கும் ஒரு முகாம், புகைப்படக்காரர்களுக்கென்றே மாற்றியமைத்த திறந்த லேண்ட் குரூசரோடு. இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. இதே மாதிரிச் சேவை தருபவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்தால் போதும், பெயரை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

முதலில் வண்டி. மாராவில் அதிகம் ஓடுவது மூன்று வகை. கூரை மேலே தூக்கிக்கொள்ளும் மினிவேன், அதே மாதிரிக் கூரை வைத்த லேண்ட் குரூசர், பக்கவாட்டில் கதவோ கண்ணாடியோ இல்லாத திறந்த லேண்ட் குரூசர். கூரை தூக்கும் வண்டிகளில் எழுந்து நின்று மேலே தலையை நீட்டிப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அருமையாக இருக்கும், புல்வெளி முழுக்கத் தெரியும், தூரத்தில் போகும் யானைக் கூட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் சிங்கம் பக்கத்தில் வந்ததும் அதே உயரம் படத்தைக் கெடுத்துவிடும். நின்றுகொண்டு எடுக்கும்போது கேமரா தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டரில் இருக்கும், நடந்து வரும் சிங்கத்தின் கண் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். சிங்கம் 40 மீட்டர் தள்ளி இருந்தால் இந்த ஒன்றரை மீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, கோணம் இரண்டு டிகிரிதான் வரும். எட்டு மீட்டருக்கு வந்துவிட்டால் பத்து டிகிரிக்கு மேல் கீழ்நோக்கிப் பார்க்கிறோம். முதுகு பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும், பின்னணியில் வானமும் அடிவானமும் போய் வெறும் புல் மட்டும் மிஞ்சும், அத்தனை பெரிய மிருகம் படத்தில் சின்னதாகிவிடும். பக்கத்தில் போகப் போகப் படம் மோசமாகிறதே என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான்.

புகைப்பட வண்டியில் இதைத்தான் சரிசெய்திருக்கிறார்கள். கதவை எடுத்துவிட்டு, இருக்கையின் உயரத்தைக் குறைத்து, கேமரா வைக்க ஒரு நீளக் கட்டையைக் கைக்கு எட்டும் உயரத்தில் பொருத்தியிருக்கிறார்கள். உட்கார்ந்தபடியே லென்ஸை அதன்மேல் வைத்தால் சிங்கத்தின் கண்ணைவிடக் கொஞ்சம்தான் மேலே இருப்போம். முகாமில் நான் ஏறிய வண்டியில் வரிசைக்கு ஒரே ஆள், அதாவது இடது பக்கம் சிங்கம் வந்தாலும் வலது பக்கம் வந்தாலும் நகர்ந்து உட்கார்ந்து எடுக்கலாம். இந்த ஒரு வசதிக்காக மட்டுமே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன். பகிர்வு மினிவேனில் ஆறேழு பேர் ஒரே கூரை இடைவெளிக்குப் போட்டி போடுகிறோம், ஒருவர் கால் மாற்றி நின்றால் வண்டியே ஆடுகிறது, 400 மி.மீ.யில் அந்த ஆட்டம் அப்படியே படத்தில் இறங்கிவிடுகிறது. சிங்கம் எதிர்ப்பக்கம் போய்விட்டால் முன்னால் நிற்பவரின் தொப்பிதான் தெரியும்.

திறந்த வண்டிக்குக் குறை இல்லாமல் இல்லை. மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு விடியற்காலையில் ஏறினால் பல் கிட்டிப் போகும். முகாமில் போர்வையும் வெந்நீர்ப் பையும் கொடுத்தார்கள், இருந்தாலும் விரல் மரத்துப் போனால் டயல் திருப்புவது சிரமம், மெல்லிய கையுறை எடுத்துப் போங்கள். புழுதி இன்னொரு தொல்லை. முன்னால் ஒரு வண்டி போனால் அதன் புழுதி முழுவதும் நம் மேல்தான். வண்டியில் லென்ஸ் மாற்றுவதை அடியோடு விட்டுவிட்டு, முடிந்தால் இரண்டு கேமரா உடல் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் பெரிய லென்ஸ், ஒன்றில் 24-70 அல்லது 70-200. கேமராவை மூட நம் ஊர் வழக்கப்படி பிளாஸ்டிக் கவர் எடுத்துப் போகக் கூடாது, கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. தலையணை உறை ஒன்று போதும், புழுதிக்கும் பனிக்கும் அதுதான் நல்லது.

இப்போது ஓட்டுநர். அங்கே வழிகாட்டியும் அவரே. நான் இதைத்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் படம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இவர் கையில் இருக்கிறது.

மினிவேன் சுற்றுலாவில் எங்கள் ஓட்டுநர் நல்ல மனிதர், வேகமானவர், ரேடியோவில் செய்தி வந்ததும் பறப்பார். சிங்கம் இருக்கும் இடத்துக்குப் போனதும் எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போய் நிறுத்துவார். பயணிகளுக்குச் சந்தோஷம், இறங்கும்போது நல்ல டிப்ஸ் கிடைக்கும், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு மாலை, பெண் சிங்கம் ஒன்று காட்டுப்பன்றிக் குடும்பத்தைக் குறிவைத்து வயிறு தரையில் உரசப் புல்லுக்குள் நகர்ந்துகொண்டிருந்தபோது, அவர் வண்டியை இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். பன்றிகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டன. சிங்கம் எழுந்து நின்று எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்ப் புதருக்குள் படுத்துக்கொண்டது. வேட்டையில் சிங்கம் தோற்பதுதான் அதிகம், ஜெயிப்பது குறைவு, அதன் ஒரு வேளைச் சாப்பாட்டை நாம் தட்டிப் பறித்தோம் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வண்டிக்குள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள், எனக்குக் கேமராவைத் தூக்கவே மனம் வரவில்லை.

முகாம் வழிகாட்டி வேறு மாதிரி. மசாய் இளைஞர், அந்த நிலத்திலேயே மாடு மேய்த்து வளர்ந்தவர். விடியற்காலையில் இரண்டு பெண் சிங்கங்களும் குட்டிகளும் மண் பாதையில் வரிசையாக நடந்து வருவதைப் பார்த்ததும், நான் எதிர்பார்த்தபடி அவற்றின் பக்கத்தில் வண்டியை ஓட்டவில்லை. ஒரு பெரிய வட்டம் அடித்து, அவை போகும் திசையில் நானூறு ஐந்நூறு மீட்டர் முன்னால் போய், பாதையிலிருந்து தள்ளி, சூரியன் எங்களுக்குப் பின்தோளில் இருக்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். அப்புறம் ஒரே அமைதி. எங்களோடு வந்த மதுரைக்காரர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பொறுக்க முடியாமல் என்னிடம், “தம்பி, இவ்வளவு செலவு பண்ணி வந்து இத்தனை தூரத்துல நிக்கிறோமே, கொஞ்சம் கிட்டப் போகச் சொல்லுங்களேன்” என்றார். “இருங்க சார், கேட்டுப் பார்க்கிறேன்” என்று வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் திரும்பாமலே கையைக் காட்டி இருக்கச் சொன்னார். அந்தப் பாதை ஓடைக்குப் போகிறது, ராத்திரி அவை தின்றிருக்கின்றன, வயிறு பாருங்கள், தண்ணீருக்குத்தான் வருகின்றன என்றார். வந்தன. வண்டியைச் சட்டையே பண்ணாமல், குட்டிகள் அம்மாவின் வாலைக் கடித்து விளையாடியபடி, எங்களைத் தாண்டிப் போயின. மிக நெருக்கமாக வந்தபோது 100-400 லென்ஸை 100-க்கு இறக்கியும் முழு உடம்பும் சட்டத்துக்குள் அடங்கவில்லை. சார் அப்புறம் அன்று முழுவதும் கிட்டப் போகச் சொல்லிக் கேட்கவே இல்லை.

இப்படிக் கிடைக்கும் நெருக்கத்துக்கும், துரத்திப் போய் எடுக்கும் நெருக்கத்துக்கும் படத்தில் வித்தியாசம் தெரியும். துரத்தப்பட்ட சிங்கத்தின் காது பின்னால் மடங்கியிருக்கும், வால் நுனி வெடுக் வெடுக்கென்று அடிக்கும், பார்வை எங்கள் மேலேயே இருக்கும், உற்றுப் பார்த்தால் முகத்தில் எரிச்சல் தெரியும். தானாக வரும் சிங்கம் தன் வேலையைப் பார்க்கிறது, குட்டியை நக்குகிறது, தூரத்தில் இருக்கும் வரிக்குதிரையைப் பார்க்கிறது, கொட்டாவி விடுகிறது. எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது படம். சிங்கத்தைப் பார்க்க வைக்க விசில் அடிப்பது, வண்டிக் கதவைத் தட்டுவது இதெல்லாம் செய்யும் ஆட்களோடு நான் இனி ஒரே வண்டியில் போகமாட்டேன்.

நல்ல வழிகாட்டி சிங்கத்தைத் தேடும் விதமே தனி. ரேடியோ ஒரு பக்கம் இருக்கட்டும். டோபி மான் ஒன்று கரையான் புற்றின்மேல் ஏறி நின்று ஒரே பக்கம் வெறித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மரத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்காமல் காத்திருந்தால் கீழே இரையின் சொந்தக்காரர் இன்னும் இருக்கிறார். இதெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வருவார், கேட்டுக்கொண்டே போனால் சிங்கம் கிடைக்காத காலைப்பொழுதுகூட வீணாகாது. சிங்கம் ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை படுத்துக் கிடக்கும் பிராணி என்பதால் கிடைக்காத பொழுதும், கிடைத்தும் தூங்கிக்கொண்டே இருக்கிற பொழுதும் நிறைய வரும். வழிகாட்டிக்கு ஒளி பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மாரா நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறிவிடுகிறது, ஆறரை மணியை ஒட்டி உதித்தால் நல்ல ஒளி எட்டரைக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஓட்டுநர் காலை உணவுக்காக வண்டியை நிறுத்தினால் போயிற்று. எங்கள் முகாமில் காலைச் சாப்பாட்டைக் கூடையில் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் ஏதாவது ஒரு மரத்தடியில் வைத்துக் கொடுத்தார்கள். மினிவேன் சுற்றுலாவில் விடுதியில் காலை உணவு முடித்துத்தான் கிளம்பினோம், ஒளியில் பாதி தோசைக்கல் ஏறும் நேரத்திலேயே போய்விட்டது.

சரி, லென்ஸ். கணக்குப் போட்டுச் சொல்கிறேன், முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவுக்கு. சிங்கம் 10 மீட்டரில் இருந்தால் 600 மி.மீ. லென்ஸில் தெரியும் அகலம் 60 சென்டிமீட்டர்தான், முகம் மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கும், பிடரி வெட்டுப்படும். 400-இல் 90 சென்டிமீட்டர், தலையும் பிடரியும் வரும். 200-இல் 1.8 மீட்டர், முன்பாதி உடம்பு. முழுச் சிங்கமும் அது நிற்கும் நிலமும் வேண்டுமென்றால் 100-க்கு இறங்க வேண்டும். அதனால் நெருக்கத்துக்கு நீளம் மாற்றக்கூடிய லென்ஸ்தான் உதவும், 100-400 அல்லது 100-500 இருந்தால் தாராளம். 200-600 வைத்திருப்பவர்கள் கூடவே 70-200-ஐ இன்னொரு உடலில் மாட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் மாற்ற முடியாத பெரிய பிரைம் லென்ஸ் தூரத்துச் சிறுத்தைக்கு அருமை, ஆனால் வண்டி ஓரமாக வரும் சிங்கத்துக்கு அது கையைக் கட்டிப் போட்டுவிடும்.

பக்கத்தில் வரும்போது இன்னொரு சிக்கல், கூர்மை விழும் ஆழம். 400 மி.மீ.யில் எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு, எண் ஏற ஏறத் துளை சிறிதாகும்) வைத்து 10 மீட்டரில் எடுத்தால் கூர்மையாக வருவது சுமார் 20 சென்டிமீட்டர் ஆழம் மட்டும். சிங்கத்தின் மூஞ்சி நீளம், கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனி கலங்கும், மூக்கில் விழுந்துவிட்டால் கண் போச்சு. எஃப் 8-க்குப் போனால் 30 சென்டிமீட்டர் கிடைக்கும். இரண்டு சிங்கம் தலையோடு தலை உரசுகிற காட்சிக்கு எஃப் 8-உம் போதாது, 11-க்குப் போய்விடுங்கள், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். புதிய கேமராக்களில் மிருகத்தின் கண்ணைப் பிடிக்கும் வசதி சிங்கத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் நடுவில் உயரமான புல் இருந்தால் ஏமாற்றும், அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறிக் கண்ணுக்கு உள்ளோரத்தில் வையுங்கள். ஷட்டர் வேகம் நடக்கும் சிங்கத்துக்கு 1/800 வினாடி, ஓடும் குட்டிகளுக்கு 1/2000, இது என் வழக்கம். கறுத்த பிடரி உள்ள ஆண் சிங்கம் சட்டத்தை அடைத்து நின்றால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகத்தின் மஞ்சள் நிறம் வெளுத்துப்போகும், வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். மத்தியானத்தில் தரையிலிருந்து கானல் எழும்பும்போது தூரத்துப் படம் எதுவும் கூர்மையாக வராது, அது லென்ஸின் குற்றமில்லை. சொல்லப்போனால் அந்த நேரத்துக்கு ஏற்றது பக்கத்துப் படம்தான்.

ட்ரைபாட் வேண்டவே வேண்டாம், வண்டிக்குள் விரிக்க இடம் கிடையாது. லென்ஸைத் தாங்க வைக்கும் பீன் பேக் என்ற சின்னத் தலையணையின் உறையைக் காலியாக மடித்துக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். நரோக் நகரத்துக் கடையில் இரண்டு மூன்று கிலோ அரிசியோ பீன்ஸோ வாங்கினால் போதும், கிளம்பும்போது முகாம் சமையலறையில் கொடுத்துவிட்டு வரலாம். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போகிறவர்களுக்கு மொத்தச் சுமை 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து, அதுவும் மடங்கக்கூடிய பையாக இருக்க வேண்டும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கூடுதல் சுமைக்கோ கூடுதல் இருக்கைக்கோ முன்கூட்டியே கேட்டுப் பணம் கட்டுகிறார்கள். சாலை வழியாக என்றால் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கி நரோக் வழியாக ஐந்தாறு மணி நேரம் ஆகும், சுமைக் கவலை இல்லை, வழியும் அழகு.

நெருக்கம் பற்றிப் பேசும்போது பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். திறந்த வண்டி, சிங்கம் ஐந்து மீட்டரில், பயமாக இல்லையா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். மாரா சிங்கங்கள் குட்டியிலிருந்தே வண்டியைப் பார்த்து வளர்கின்றன. வண்டியையும் உள்ளே இருப்பவர்களையும் ஒரே பெரிய உருவமாகத்தான் எடுத்துக்கொள்கின்றன என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள், அந்த உருவம் அவற்றுக்கு இரையும் இல்லை எதிரியும் இல்லை. வெயில் நேரத்தில் மரம் இல்லாத புல்வெளியில் சிங்கங்கள் வண்டி நிழலில் வந்து படுப்பதை அங்கே பார்க்கலாம், எங்கள் சக்கரத்தை ஒட்டி ஒரு பெண் சிங்கம் படுத்துவிட்டதால் அது எழுந்து போகும்வரை நாங்கள் எஞ்சினைத் தொடவில்லை, அதன் மூச்சிரைப்பு காதில் கேட்டது. ஆனால் அந்த உருவம் கலையக் கூடாது. எழுந்து நிற்கக் கூடாது, கையையோ செல்ஃபி குச்சியையோ வெளியே நீட்டக் கூடாது, விழுந்த லென்ஸ் மூடியை எடுக்க இறங்கவே கூடாது. இதில் வழிகாட்டி கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை, அதுவே எனக்கு நம்பிக்கை கொடுத்தது. மனிதர் வளர்த்த சிங்கங்கள் உள்ள பூங்காக்களை இதோடு சேர்த்து நினைக்காதீர்கள். 2015-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அப்படி ஒரு பூங்காவில் கார் ஜன்னல் திறந்திருந்ததால் சுற்றுலாப் பயணி ஒருவர் சிங்கம் தாக்கி இறந்துபோனார்.

தேசியக் காப்பகமா, கன்சர்வன்சி எனப்படும் மசாய் நிலத்துத் தனிக் காப்புப் பகுதியா என்ற கேள்விக்கு வருகிறேன். தேசியக் காப்பகம் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர், அதன் மேற்குப் பகுதியான மாரா முக்கோணத்தை மாரா கன்சர்வன்சி என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2001-லிருந்து பராமரிக்கிறது. ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர வேண்டும் என்பது விதி. ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்ற மான் வகையின் பெருங்கூட்டம் வரும் பருவத்தில் இந்த விதி பல இடங்களில் காற்றில் பறக்கிறது, சிங்கத்தைச் சுற்றி வண்டிச் சந்தை கூடிவிடுகிறது, எந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பினாலும் பின்னணியில் இன்னொரு வண்டியின் சக்கரம் விழுகிறது. பாதையை விட்டு இறங்கி ஓட்டுவதற்கும் அங்கே தடை உண்டு, நியாயமான தடை.

காப்பகத்தைச் சுற்றியுள்ள கன்சர்வன்சிகள், மாரா நார்த், ஓலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ போன்றவை, மசாய்க் குடும்பங்களின் சொந்த நிலம். முகாம்கள் அந்த நிலத்துக்குக் குத்தகை கொடுக்கின்றன, அதனால் உள்ளே தங்குபவர்களின் வண்டிகள் மட்டும்தான் வரும். சிங்கம் இருந்தால் பாதையிலிருந்து இறங்கி ஓட்டலாம், ராத்திரியிலும் போகலாம். படமெடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. அதோடு எனக்கு முக்கியமாகப் படுவது, நாம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு சிங்கத்தோடு சேர்ந்து வாழ்கிறவர்களுக்குப் போகிறது என்பது. மாட்டைச் சிங்கம் அடித்தால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. 2015 டிசம்பரில் மாராவின் பேர்பெற்ற மார்ஷ் கூட்டத்துச் சிங்கங்களுக்கு, மாடு மேய்ப்பவர்கள் செத்த இறைச்சியில் பூச்சிமருந்து கலந்து வைத்துவிட்டார்கள், தொலைக்காட்சியில் உலகமே பார்த்து வளர்ந்த சிங்கங்கள் சில அதில் செத்தன. சிங்கம் உயிரோடு இருந்தால் வீட்டுக்கு மாதாமாதம் பணம் வரும் என்ற நிலை இருந்தால்தான் இது குறையும். எங்கள் வழிகாட்டியின் குடும்ப நிலமும் அந்தக் குத்தகையில் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

பணம் என்றதும் கட்டணத்தையும் சொல்ல வேண்டும். 2024-லிருந்து காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர், அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். சுற்றுலா விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். சிங்கம் மட்டும்தான் நோக்கம் என்றால் நான் ஜனவரி, பிப்ரவரியைச் சொல்வேன். சிங்கக் கூட்டங்கள் தங்கள் எல்லையை விட்டு எங்கும் போவதில்லை, வருடம் முழுக்க அங்கேதான் இருக்கின்றன, கட்டணம் பாதி, வண்டிகளும் குறைவு. ஏப்ரல், மே நீண்ட மழைக்காலம். நிலம் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரியே இருக்கும், நனைந்தால் நான்கு சக்கர வண்டியும் புதைந்து நிற்கும்.

குஜராத்தில் கிர் காடு இருக்கும்போது எதற்கு கென்யா என்று கேட்பவர்களுக்கு: கிர் கட்டாயம் போங்கள். 2025 கணக்கெடுப்பில் கிர்ரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலுமாக 891 ஆசியச் சிங்கங்கள், உலகத்தில் வேறெங்கும் இந்த இனம் காட்டில் இல்லை. அங்கே ஜிப்சியில் குறித்த பாதையில்தான் போக வேண்டும், சிங்கம் பாதைக்கு வந்தால் மிக நெருக்கமாகவே கிடைக்கும், தேக்கங்காட்டு நிழலில் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழுவதால் படமெடுப்பது கடினம். ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும். கிடைக்கும் படம் முற்றிலும் வேறு, பிடரி குறைவாக இருப்பதால் காது தெரியும் அந்த முகத்துக்குத் தனி அழகு. ஒன்றுக்கு இன்னொன்று மாற்று கிடையாது. ஆனால் வண்டி எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நாமும் ஓட்டுநரும் சேர்ந்து முடிவு பண்ணும் சுதந்திரம் மாராவின் கன்சர்வன்சிகளில்தான் இருக்கிறது.

முகாமில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. வண்டியில் பேட்டரி ஏற்றும் முனை ஒன்றுதான், எல்லோரும் அதற்கே வரிசை. கூடாரத்தில் மின்சாரம் ராத்திரி அணைந்துவிடும், பவர் பேங்க் எடுத்துப் போங்கள், பிளக் அங்கே பிரிட்டிஷ் பாணிச் சதுர மூன்று முனை, நம் ஊர் பிளக் சேராது. சைவச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் காரம் என்பதே இல்லை, ஊறுகாய் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் நிம்மதி. விலை அதிகம், இதை மறைக்கவே முடியாது, மினிவேன் சுற்றுலாவைப் போலப் பல மடங்கு. என் யோசனை, நாட்களைக் குறைத்துக்கொண்டு வண்டியை நல்லதாக எடுங்கள். நெருக்கமான நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டியைத் தனியாக எடுத்தால் சுமை பங்காகிவிடும். கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் விமான நிலையத்தில் சிக்கல்.

முன்பணம் கட்டும் முன் அவர்களிடம் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வண்டி பக்கம் திறந்ததா, கதவு கழற்ற முடியுமா, வரிசைக்கு எத்தனை பேர், வண்டியின் படம் அனுப்புவார்களா, பீன் பேக் அவர்களே கொடுப்பார்களா, விடியுமுன் கிளம்ப அனுமதி உண்டா, ஒரே சிங்கத்தோடு அரை நாள் உட்கார்ந்திருக்க வழிகாட்டி சம்மதிப்பாரா, கன்சர்வன்சிக் கட்டணம் விலைக்குள் அடக்கமா. கடைசிக்கு முந்தின கேள்விக்கு, கண்டிப்பாக, அதற்குத்தானே வருகிறீர்கள் என்று பதில் வந்தால் அந்த முகாமில் தைரியமாகப் பதிவு செய்யலாம். ஐந்து பெரிய மிருகங்களையும் (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) ஒரே நாளில் காட்டிவிடுகிறோம் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.